லிப்கர்ல்3, லிப்கர்ல்4: ஒரு பெயர் மாற்றம்

2016-ல் குறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 1.1.0 பதிப்பு வந்தபோது, அதுவரை நிரல்கள் நேரடியாகக் கைவைத்துக்கொண்டிருந்த ஸ்ட்ரக்ட்களின் (தரவுக் கட்டமைப்புகளின்) உள்பகுதியை மறைத்துவிட்டார்கள். நல்ல முடிவுதான். ஆனால் உதாரணமாக, ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையின் சாவியிலுள்ள 'என்' மதிப்பை நேராக எடுத்த நிரல் எதுவும் இனி கம்பைல் ஆகாது, அதற்கென்று இருக்கும் ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். எல்லாரும் உடனே மாறிவிட முடியுமா? அதனால் 2017-ல் வெளியான டெபியன் 9 என்ற லினக்ஸ் வெளியீட்டில் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2, 1.1 இரண்டையுமே வைத்தார்கள். சோநேம் (எந்த நூலகக் கோப்பு வேண்டும் என்று நிரல் ஓடும்போது தேடும் பெயர்) வேறு என்பதால் இரண்டும் அருகருகே இருக்கலாம்.

சிக்கல் லிப்கர்லில், அதாவது நிரல்கள் இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் பயன்படுத்தும் கர்ல் நூலகத்தில். அது ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்எஸ்எல்_சிடிஎக்ஸ் என்ற ஸ்ட்ரக்டின் பாயின்டரை (நினைவக முகவரியை) ஒரு கால்பேக் (நூலகம் திருப்பி அழைக்கும் ஃபங்ஷன்) வழியாகத் தன்னைப் பயன்படுத்தும் நிரலிடமே கொடுக்கிறது. நிரல் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஒரு பதிப்போடும் கர்ல் இன்னொன்றோடும் லிங்க் ஆகியிருந்தால், கம்பைலர் எதுவும் சொல்லாது, ஓடும்போதுதான் விழும். நிரல்கள் கூப்பிடும் கர்லின் சொந்த ஏபிஐ துளியும் மாறவில்லை, சோநேமும் அதேதான், ஆனாலும் 1.1-க்குப் போனபோது டெபியன் பொதியின் பெயரை லிப்கர்ல்3-லிருந்து லிப்கர்ல்4 ஆக்கியது. இரண்டிலும் இருப்பது லிப்கர்ல்.எஸ்ஓ.4 என்ற ஒரே கோப்பு, அதனால் இரண்டையும் சேர்த்து நிறுவ முடியாது. டெபியனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு 18.04-ல், லிப்கர்ல்3 கேட்கும் பழைய மூன்றாம் தரப்பு பொதிகளை நிறுவப் போனவர்கள் பலர் இதில்தான் மாட்டினார்கள், அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பெயர் மாற்றம் சரி என்றே சொல்வேன். நிறுவும்போதே ஏபிடி (பொதிகளை நிறுவும் கருவி) மறுப்பது, சர்வர் நடுராத்திரியில் நினைவகப் பிழையால் செக்ஃபால்ட் ஆகி விழுவதைவிட எவ்வளவோ மேல்.

பொதி செய்பவர்கள் சோநேமை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள், ஹெடர் கோப்பைத் திறந்து வேறு நூலகத்தின் டைப் எதுவும் வெளியே எட்டிப்பார்க்கிறதா என்று பாருங்கள்.