தம்மும் குணமும்: ஆய்வேட்டு நாட்குறிப்பு

பிப்ரவரி 6, செவ்வாய்

தலைப்புக்கு கைடு ஓகே சொல்லிவிட்டார். ராத்திரி உளவியலாளர் ஐசென்க்கைப் படித்தேன். சிகரெட் பிடிப்பவர்களிடம் கலகலப்புக் குணம் தூக்கல் என்று 1960-லேயே எழுதியிருக்கிறார். ஆனால் மனுஷன் புகையிலைக் கம்பெனிகளிடம் பணம் வாங்கியவர். குணத்துக்கும் நோய்க்கும் முடிச்சுப் போட்டு அவர் பின்னாளில் கூட்டாக எழுதிய 26 கட்டுரைகளை நம்ப முடியாது என்று 2019-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரி விசாரணையே சொல்லிவிட்டது. 1960 கட்டுரை அதில் சேராது, இருந்தாலும் உறுத்துகிறது.

பிப்ரவரி 8, வியாழன்

காலேஜ் பின்கேட் டீக்கடை. கல்விக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது என்பது 2003 சட்டம், இங்கே ரோட்டைத் தாண்டினால் கடை. கயிற்றில் கட்டித் தொங்கும் லைட்டர், ஒரே கிங்ஸ் சிகரெட்டை மாற்றி மாற்றி இழுக்கும் மூன்று பேர், ஓயாத சிரிப்பு. ஐசென்க் சொன்ன ஆட்கள் இவர்கள்தான். ஆனால் இன்னொருத்தன் யாரிடமும் பேசாமல் ஒன்றை வாங்கிக்கொண்டு டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போய் முடித்துவிட்டு, வாயில் ஹால்ஸ் போட்டுக்கொண்டு வகுப்புக்கு நடந்தான்.

பிப்ரவரி 12, திங்கள்

நிகோடினுக்கு எவ்வளவு அடிமை என்று அளக்கும் ஃபாகர்ஸ்ட்ராம் கேள்வித்தாளில் முதல் கேள்வி: எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? 5 நிமிடத்துக்குள் என்றால் 3 மதிப்பெண், ஒரு மணி நேரம் தாண்டினால் பூஜ்யம். சிரிப்புக் கும்பலுக்குக் காலேஜ் வந்த பிறகுதான் முதல் தம், அதுவும் யாராவது வாங்கித் தந்தால். அவர்களுக்கு அது பழக்கம் என்பதைவிடச் சேர்க்கை.

பிரேக்குக்கு முந்தைய பீரியடில்தான் வகுப்பில் குணக் கேள்விகளும் சேர்ந்த தாள் கொடுக்க விட்டார்கள். கடைசி பெஞ்சுப் பையன் ஒருத்தன் பேனாவை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டு, மணியையே பார்த்துக்கொண்டு, 'எனக்குச் சட்டென்று எரிச்சல் வரும்' என்பதற்கு அழுத்தி டிக் அடித்தான். அது அவன் குணமா, நிகோடின் இறங்கின நேரமா? பிரேக் முடிந்து கேட்டிருந்தால் வேறு கட்டத்தில் அடித்திருப்பானோ என்னவோ, நானோ அதை நியூராட்டிசிசம், அதாவது எளிதில் பதறும், எரிச்சல்படும் குணம் என்ற கணக்கில் கூட்டப்போகிறேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

பெண்கள் தாள் எல்லாவற்றிலும் புகைப்பது உண்டா என்பதற்கு 'இல்லை'. 2016-17 தேசியக் கணக்கெடுப்பில் புகைப்பவர்கள் ஆண்களில் 19 சதவீதம், பெண்களில் 2 சதவீதம்தான், அதனால் பெரிய ஆச்சரியமில்லை. ஆனால் ஜூனியர் ஒருத்தி தனியாக வந்து, "அக்கா, பேர் போட வேணாம்னாலும் தாளை டியூட்டர்தானே அடுக்கி வாங்குறாங்க, யாரு ஆமான்னு எழுதுவா?" என்றாள்.

கைடிடம் பூட்டிய பெட்டியும் பிரேக்குக்குப் பிந்தைய பீரியடும் கேட்டேன். "டேட்டா போதும்மா, டைப் பண்ண ஆரம்பி" என்கிறார். பெட்டிக்குச் சொல்லியாகிவிட்டது, திங்கட்கிழமை மறுபடி கேட்பேன்.