செகண்ட் லைஃபில் ஒரு நாச்சியார்கோவில் விளக்கு

கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கைத் தனித்தனித் துண்டாக வார்த்து, கடைந்து, மரை போட்டு முடுக்குகிறார்கள்: பாதம், தண்டு, அகல், உச்சியில் அன்னம். செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகில் முதல் முதலாக ஸ்கிரிப்ட் (பொருளை இயக்கும் நிரல்) போட்ட பொருள் செய்து விற்க நினைக்கும் டெல்டாக்காரர்களுக்கு இந்த விளக்குதான் நல்ல தொடக்கம். அந்த நான்கு துண்டோடு ஐந்து சுடர் சேர்ந்தால் ஒன்பது. அங்கே அவதார்கள் (நம் சார்பில் நடமாடும் உருவங்கள்) பெரும்பாலும் ஆறடிக்கு மேல் இருப்பார்கள், அதனால் விளக்கை ஒன்றரை மீட்டருக்குச் செய்யுங்கள்.

அன்னம் மட்டும் மெஷ் (வெளியே மாடல் செய்து ஏற்றிய வடிவம்), மற்றவை சாதா பிரிம் (அங்கேயே கிடைக்கும் அடிப்படை வடிவம்) என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மெஷ்ஷை இணைத்த கணமே எல்லாத் துண்டுகளுக்கும் லேண்ட் இம்பாக்ட் (நிலத்தின் கொள்ளளவில் பொருள் எடுத்துக்கொள்ளும் பங்கு) கணக்கிடும் முறை மாறிவிடும். தண்டின் கடைசல் வளையங்களை டோரஸ் எனும் வளைய வடிவ பிரிமில் செய்திருந்தால் அந்த எண் எகிறும். எல்லாவற்றுக்கும் பிசிக்ஸ் வகையை (மோதலுக்கு எந்த வடிவமாகக் கணக்கிடுவது என்பதை) கான்வெக்ஸ் ஹல் (எளிமையாக்கிய வெளிக்கூடு) என்று மாற்றுங்கள், சுடர்களுக்கு மட்டும் நன் (None, எதுவும் இல்லை) என்று கொடுங்கள். மெயின்லேண்ட் எனும் பொது நிலப்பரப்பில் 512 சதுர மீட்டர் நிலத்துக்கு மொத்த லேண்ட் இம்பாக்டே 175தான். அதில் இருபதை ஒரு விளக்கு தின்றால் யாரும் வாங்க மாட்டார்கள்.

இணைக்கும்போது பாதத்தைக் கடைசியாகத் தேர்வு செய்யுங்கள், அதுதான் ரூட் (தலைமைத் துண்டு) ஆகும். ஒரே ஸ்கிரிப்ட் அதற்குள் இருந்தால் போதும். சுடர் துண்டுகளை இணைப்பு வரிசை எண்ணால் தேடாமல் பெயரை வைத்துத் தேடும்படி ஸ்கிரிப்ட்டை எழுதுங்கள், பிரித்து மறுபடி இணைத்தால் எண் மாறிவிடும். அந்தப் பெயரைத் தமிழில் வைக்க முடியாது, வைத்தால் கேள்விக்குறியாகத்தான் தெரியும். ஆங்கில எழுத்தில் வையுங்கள்.

சுடர் அசைய டைமர் வைத்து நொடிக்குப் பத்து முறை வெளிச்சத்தை மாற்றுவது பலரும் செய்வது. அது ஒவ்வொரு மாற்றத்தையும் சுற்றி நிற்கும் அத்தனை பேருக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும், இடமே திணறும். பார்ட்டிக்கிள் (துகள் விளைவு) போதும், அது பார்ப்பவர் கணினியிலேயே ஓடும். ஒரு துகளின் ஆயுள் 0.6 நொடி, 0.1 நொடிக்கு ஒன்று, மேல்நோக்கி லேசான முடுக்கம். அளவு 0.03125 மீட்டருக்குக் கீழே போகாது. அணைக்கும்போது வெற்றுப் பட்டியலைக் கொடுத்து நிறுத்த வேண்டும், ஸ்கிரிப்ட்டை நீக்கினாலும் துகள் நிற்காது. ஒளி வீசும் அமைப்பை ஐந்து சுடரிலும் வைக்காதீர்கள், அகலில் ஒன்று வைத்தால் போதும்.

தொட்டால் எரியும், மறுபடி தொட்டால் அணையும் என்பதோடு விட்டால் மெனுவே வேண்டாம். நிறம், வெளிச்சம் மாற்ற மெனு வைத்தால் தமிழில் ஒரு சிக்கல் உண்டு. பட்டனில் 24 பைட்டுக்கு மேல் எழுத முடியாது, தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் (எழுத்தும் அதோடு சேரும் புள்ளி, கொம்பு போன்றவையும் தனித்தனிக் குறியீடு) 3 பைட். 'ஏற்று' 15 பைட், நுழையும். 'விளக்கேற்று' 33 பைட், பிழைச்செய்திதான் வரும். விளக்கின் மேல் மிதக்கும் எழுத்துக்கும் 254 பைட்தான் எல்லை. மெனு பதிலைக் கேட்கும் லிசன் (ஸ்கிரிப்ட்டின் காது), எல்லோரும் பேசும் சேனல் பூஜ்ஜியத்தில் கூடாது. நெகட்டிவ் எண்ணுள்ள சேனலில், உரிமையாளருக்கு மட்டும் திறந்து, ஒரு நிமிடத்தில் மூடிவிடுங்கள்.

கைமாறியதும் ஸ்கிரிப்ட் தன்னைத் தானே ரீசெட் செய்யும்படி எழுதியே ஆக வேண்டும். பழைய உரிமையாளரின் அடையாளத்தையே அது பிடித்துக்கொண்டிருந்தால், காசு கொடுத்தவர் எத்தனை முறை தொட்டாலும் மெனு அவருக்குப் பதில் சொல்லாது. புகார்களில் பாதிக்கு மூலம் இதுதான் என்பது எங்கள் எண்ணம்.

பர்மிஷனில் (வாங்குபவர் பொருளை என்னென்ன செய்யலாம் என்ற அனுமதியில்) அவசரப்படாதீர்கள். விளக்குக்குக் காப்பி (நகலெடுத்தல்) உண்டு, டிரான்ஸ்ஃபர் (பிறருக்குக் கொடுத்தல்) இல்லை என்று வைத்தால் வாங்கியவர் வீடு முழுக்க வைக்கலாம், மறுவிற்பனை செய்ய முடியாது. பரிசாகக் கொடுக்க வேண்டுமென்றால் நேர்மாறாக வையுங்கள். உள்ளே இருக்கும் ஸ்கிரிப்ட்டுக்குத் தனி பர்மிஷன் உண்டு. அதில் அடுத்த உரிமையாளருக்கு மாடிஃபை (மாற்றும் அனுமதி) நீக்காமல் விட்டால் நீங்கள் எழுதிய நிரல் முழுதும் திறந்து கிடக்கும். நீங்கள் வைத்திருக்கும் பிரதியில் இந்தக் கட்டுப்பாடு எதுவும் தெரியாது. இன்னொரு கணக்குக்கு அனுப்பித் திறந்து பாருங்கள்.

விற்பனைக்கு வெண்டர் (பணம் வாங்கிப் பொருளைத் தரும் விற்பனை இயந்திரம்) ஸ்கிரிப்ட் எதுவும் தேவையில்லை. பொருளின் எடிட் பெட்டியில் விலை போட்டு, 'காப்பி' என்பதைத் தேர்வு செய்யுங்கள். 'ஒரிஜினல்' என்று விட்டால் முதல் ஆள் வாங்கியதும் கடையில் விளக்கே இருக்காது. இலவசமாகக் கிடைக்கும் வெண்டர் எதுவும் உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள்.