பெயரில்லாத ஸ்கேனும் மூக்கில்லாத மண்டையோடும்

மூளை அறுவைக்கு ஓக்மென்டட் ரியாலிட்டியில் (கண்ணெதிரே இருப்பதன் மேல் கணினிப் படத்தைக் காட்டும் முறை) ஒரு பயிற்சிப் பட்டறை கண்டியில் நடக்கிறது என்றதும் பெயர் கொடுத்துவிட்டேன். பதிவு, லீவு எல்லாம் சிக்கலில்லாமல் கிடைத்தன. உயிரை வாங்கியது ஓர் இறுவட்டு.

ஒவ்வொருவரும் தத்தம் ஆஸ்பத்திரியிலிருந்து, நோயாளியின் பெயர் நீக்கிய ஒரு தலை சிடி (CT) ஸ்கேனை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அதை வைத்து மண்டையோட்டை முப்பரிமாணத்தில் அச்சிட்டு, ஜெலட்டினில் மூளை வார்த்து, வென்ட்ரிக்கிள் எனும் மூளையின் நீர் அறைக்குள் தண்ணீர் நிரப்புவார்கள். ஹோலோலென்ஸ் என்ற கணினிக் கண்ணாடியைத் தலையில் மாட்டினால் அதே ஸ்கேன் மண்டையோட்டின் மேல் படியும். அதைப் பார்த்து வென்ட்ரிக்கிளுக்குள் வடிகுழாய் போட்டுப் பழக வேண்டும்.

நோயாளியின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு லிகிதரிடம் போனேன். "பெயரோட வெளியே குடுக்க ஏலாது டொக்டர்" என்றார். சரி, பெயரை நீக்கிவிடுவோம் என்றேன். "பெயர் இல்லாட்டி யாருடைய ஸ்கேன் என்று புத்தகத்தில எழுதுறது?" பணிப்பாளரின் கையெழுத்தோடு கடிதம் கொண்டுபோனால், அதில் கட்டில் இலக்கம் இல்லையாம். கடைசியில் ஸ்கேன் அறை ரேடியோகிராபர்தான் காப்பாற்றினார். ஒரு தொடர் இலக்கம் போட்டு, புத்தகத்தில் அதையே எழுத வைத்தார். நீங்களும் நேரே அவரிடமே போங்கள்.

மழையில் றம்பொடை மலைப்பாதை வளைவுகளெல்லாம் இறங்கி இறுவட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், இது உதவாது என்றார்கள். 5 மி.மீ. துண்டுகளாக எடுத்த ஸ்கேன். மண்டையோடு படிக்கட்டு மாதிரி வந்தது. போதாக்குறைக்கு மூக்குக்கு மேலேயே ஸ்கேன் நின்றுவிட்டது. மூக்கின் அடி (இரு கண்களுக்கு நடுவே மூக்கு தொடங்கும் இடம்), கண்ணோரம், காது இவற்றை வைத்துத்தான் படத்தைத் தலையோடு பொருத்துவார்கள். முகம் இல்லாவிட்டால் எதோடு பொருத்துவது? இதை முதலிலேயே ஒரு வரியில் எழுதியிருந்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்! ஆகவே கேட்கும்போதே சொல்லிவிடுங்கள்: 1 மி.மீ. அளவு மெல்லிய துண்டு, மூக்கு நுனி வரை, டைகொம் (DICOM) எனும் மருத்துவப் படக் கோப்பாக. பிலிம் வேண்டாம்.

பயிற்சி நாளில் ஜன்னலோர மேசை கிடைத்தது. வெயில் வந்ததும் படம் வெளிறிப்போனது. திரைச்சீலையை இழுத்துவிட்ட பிறகுதான் எதுவும் தெரிந்தது. துளையிடும் இடம் பழையதுதான்: மூக்கடியிலிருந்து 11 செ.மீ. பின்னால், நடுக்கோட்டிலிருந்து 3 செ.மீ. வலப்பக்கம். அங்கிருந்து, வென்ட்ரிக்கிள்களை இணைக்கும் மொன்றோ துவாரத்தை நோக்கி ஒரு நீலக்கோடு தெரிந்தது. குனிந்து பார்த்தேன், கோடு கொஞ்சம் விலகி நின்றது. கண்ணாடியை நம்பிக் குழாயைத் தள்ளியிருந்தால் துவாரத்தைத் தாண்டியிருக்கும். திசையைக் கோட்டில் சரிபார்த்துவிட்டு, ஆழத்தைக் குழாயிலுள்ள சென்ரிமீற்றர் குறியில் பார்த்துக்கொண்டேன். 6ஐ நெருங்கும்போது ஒரு சின்னத் தளர்வு. உள்கம்பியை உருவினேன், தண்ணீர் சொட்டியது. பக்கத்து மேசைக்காரருக்கு அப்போதும் ஜெலட்டின்தான் வந்துகொண்டிருந்தது. பாவம், அவருடைய ஸ்கேனிலும் மூக்கு பாதிதான்.

ஹோலோலென்ஸ் 2 உற்பத்தியை மைக்ரோசொஃப்ட் 2024இல் நிறுத்திவிட்டது. கெட்டுப்போனால் புதிதாக வாங்குவது கஷ்டம் என்பதால், கழற்றி மாட்டுவதற்கே ஆயிரம் கட்டுப்பாடு. பற்றரியும் இரண்டு மூன்று மணித்தியாலம்தான் தாங்கும். எப்படியாவது காலை முறையைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பின்னேரம் மின்சாரமும் போனால் சார்ஜ் பண்ணவும் வழியில்லை.