தாத்தாவின் பாராங்குக்குத் துரு வைத்த கதை

மச்சான் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஸ்டோரில் கிடந்த தாத்தாவின் பாராங்கை, அதாவது நீண்ட வெட்டுக்கத்தியை, கிரைண்டரில் கொடுத்துப் பளபளவென்று ஆக்கிக் கொண்டுவந்தார். கித்தாக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், தேய்ந்த கத்திக்கு அந்தப் புது முகம் ஒட்டவே இல்லை.

பழைய துப்பாக்கிக் குழல்களின் பழுப்பு நிறம் பெயின்ட் இல்லை, துருதான். மெல்லத் துருவேற்றி, மேலே நிற்கும் பொடியைத் தேய்த்தெடுத்து, மறுபடி துருவேற்றி, கடைசியில் எண்ணெய் பூசி நிறுத்திவிடுவார்கள். நம் மலேசியாவில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கிறது, துப்பாக்கிப் பக்கம் போக எனக்கு ஆசையில்லை. பாராங்கும் இரும்புதானே என்று இறங்கிவிட்டேன்.

முதல் முறை அவசரம். வினிகர், ஹைட்ரஜன் பெராக்சைடு, உப்பு மூன்றையும் கலந்து தடவினேன். பத்தே நிமிடத்தில் ஆரஞ்சு நிறத்தில் துரு பூத்தது. துணியால் துடைத்தால் அப்படியே உதிர்ந்துவிட்டது, அடியில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். 320 நம்பர் உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்த ஒரு ஞாயிறு போயிற்று.

அடுத்த முறை வெறும் உப்புத் தண்ணீர், அதுவும் லேசாக. முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, அசிட்டோனால் துடைத்தேன். வெட்டும் ஓரத்தில் மட்டும் மெழுகு பூசினேன். துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒரே இழுப்பாக ஒரு தடவல். சொட்டு நின்றால் அந்த இடம் திட்டாகிவிடும். இதற்கென்று வெளிநாட்டில் ஈரப்பெட்டி செய்கிறார்களாம். சுங்கை சிப்புட்டில் எதற்கு? சாயங்கால மழைக்குப் பிறகு குளியலறையில் தொங்கவிட்டால் போதும். காலையில் மஞ்சள்தூள் தூவியது போல் இருக்கும். அதை எண்ணெய் போகக் கழுவிய ஸ்டீல் உல்லால் அழுத்தாமல் தேய்ப்பேன்.

"துருப் பிடிக்காம இருக்கத்தான் எல்லாரும் பாடுபடுவாங்க, நீ என்னடா?" என்றார் அம்மா.

மூன்றாம் நாள் வரை அழுக்குச் சாம்பல்தான். ஐந்தாம் நாள் தே ஓ நிறம், பால் சேர்க்காத தேநீரின் நிறம், வந்தது. ஏழாம் நாள் நிறுத்தினேன். இடையில் சோதனைக்கு வைத்திருந்த ஒரு பட்டை இரும்பைக் கொதிக்கும் நீரில் போட்டேன், பழுப்பு மாறிக் கறுப்பாகிவிட்டது. சிவப்புத் துரு கொதிநீரில் கறுப்பு ஆக்சைடாகிவிடும். கறுப்பு வேண்டுமென்றால் அதுவே வழி. எனக்கு வேண்டியது பழுப்பு, அதனால் பாராங்கை வெந்நீர்ப் பக்கமே காட்டவில்லை. ஆப்பச் சோடாவைக் குழைத்துப் பூசி, கழுவி, வெயிலில் காயவைத்து, சூடு ஆறுமுன் எண்ணெய் தடவினேன். உப்பு மிச்சமிருந்தால் எண்ணெய்க்கு அடியிலேயே துரு வேலை செய்துகொண்டிருக்கும்.

அப்புறம் பார்த்தால், பிடியை ஒட்டி வெளிறிய ஒரு கட்டைவிரல் ரேகை. நான்காம் நாள் கையுறை போட மறந்திருக்கிறேன், விரல் எண்ணெய் பட்ட இடத்தில் துரு ஏறவில்லை. மச்சான் கிரைண்டரை எடுத்துவரவா என்றார். வேண்டாம் மச்சான், அப்படியே இருக்கட்டும் என்றேன்.