ஒற்றைத் தாளில் ஒரு காதல்: வாசிப்பு நாட்குறிப்பு

மார்ச் 2, திங்கள்

தோழி தன் நாவலின் முதல் பிரதியை அனுப்பியிருக்கிறாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். "அக்கா, மனசு நோகுமேன்னு பார்க்காதீங்க. எங்கே கதை ஓடுது, எங்கே நொண்டுதுன்னு சொல்லிடுங்க" என்று கூடவே ஒரு வரி. 1816-ல் இங்கிலாந்தில் நடக்கும் காதல் கதை. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநலம் குன்றிப்போக, அவருக்குப் பதிலாக மகன் நாட்டைப் பார்த்துக்கொண்ட 1811 முதல் 1820 வரையிலான காலத்தை ரீஜென்ஸி என்பார்கள். சரித்திரக் காதல் எழுதுகிறவர்களுக்கு அந்த ஒன்பது வருடத்தின் மேல் தீராத ஆசை.

இவள் எழுதியிருப்பது ஸ்வீட் ரொமான்ஸ். முத்தத்துக்கு மேல் போகாது, படுக்கையறைக் கதவு மூடியே இருக்கும், முடிவு சுபம். இந்த மூன்றும் வாசகருக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்ட வாக்கு. முடிவு தெரிந்த கதையை எதற்குப் படிக்கிறாய் என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. சேருவார்கள் என்று தெரியும்தான். இந்த இரண்டு பேர் எப்படிச் சேர முடியும் என்பது தெரியாதே! அந்த 'எப்படி'க்காக ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்த நாட்கள் எனக்கு ஏராளம். இன்று நாற்பது பக்கம்தான் முடிந்தது.

மார்ச் 3, செவ்வாய்

நாயகன் கடற்படை லெப்டினன்ட். 1815-ல் நெப்போலியனோடு போர் முடிந்தபின் கப்பல் கிடைக்காமல், அரைச் சம்பளத்தில் கரையில் உட்கார்ந்திருந்த எத்தனையோ அதிகாரிகளில் ஒருவன். பீரங்கிச் சத்தத்தில் இடது காது போய்விட்டது. அதை யாரிடமும் சொல்வதில்லை. நாயகிக்கு 20 வயது. அப்பா இல்லை, சித்தப்பாவின் பொறுப்பில் இருக்கிறாள்.

முதல் சந்திப்பு ஒரு விருந்து மேசையில். அவனுடைய இடது பக்கத்தில் அவள். இரண்டு முறை பேச்சுக் கொடுக்கிறாள், பதில் இல்லை. எதிரே இருந்தவர்கள் திமிர் பிடித்தவன் என்று முணுமுணுக்கிறார்கள். அப்போது அவளுடைய கரண்டி கீழே விழுகிறது. அவன் திரும்பவில்லை. வலது பக்கம் பணியாள் மெல்லக் குனிந்து ஏதோ கேட்டதற்கு மட்டும் உடனே திரும்புகிறான். அவள் ஒன்றும் சொல்லவில்லை. விருந்து முடிந்து கூடத்துக்கு வந்ததும், அவனுக்கு வலது பக்கம் காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்காருகிறாள். அரை மணி நேரம் பேசிவிட்டு எழுந்தபிறகுதான், ஒரு சொல்கூடத் தவறாமல் கேட்டிருப்பது அவனுக்கு உறைக்கிறது.

இந்த இடத்தில் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். தொடுதலை எழுத முடியாத கதைக்கு இதைவிடப் பெரிய பலம் ஏது? ஒருவர் இன்னொருவரைக் கவனிப்பதுதான் இங்கே தொடுதல். கண்ணின் நிறத்தை ஒன்பது விதமாக வர்ணிக்கும் கதைகள் என் மனதில் நிற்பதே இல்லை. வேறு யாருக்கும் தெரியாத ஒன்று இவளுக்கு மட்டும் தெரிந்துவிட்டது, அதை அவள் அவனுக்கு எதிராகப் பயன்படுத்தவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்த கணமே இவர்கள் சேரவேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

மார்ச் 5, வியாழன்

நொண்டும் இடம் வந்துவிட்டது. 110-ஆம் பக்கம். கடைத்தெருவில் அவன் ஒரு பெண்ணை வண்டியிலிருந்து கைகொடுத்து இறக்கி, நெற்றியில் முத்தமிடுகிறான். நாயகி பார்த்துவிடுகிறாள். அந்தப் பெண் அவனுடைய தங்கை. இது நமக்குத் தெரிவது 230-ஆம் பக்கத்தில். நடுவில் 120 பக்கம் கண்ணீர், கோபம், ஜன்னலோரம்.

"அவங்க யாரு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்தது. எதிரெதிரே இரண்டு முறை சந்திக்கவும் செய்கிறார்கள். கேட்கவில்லை. யாருக்கும் தெரியாத காதுக் கோளாறை ஒரே விருந்தில் கண்டுபிடித்தவள், அண்ணன் தங்கைக்குள் இருக்கும் முகஜாடையைக் கண்டுபிடிக்க மாட்டாளா?

சாயங்காலம் தோழி போன் பண்ணினாள். சொல்லிவிட்டேன்.

"அக்கா, பிரிவு இல்லன்னா கதை சப்புனு ஆயிடாதா?"

"பிரிவு இருக்கட்டும்மா. அவ ஏன் கேட்கலங்கிறதுக்கு ஒரு காரணம் வேணும். உனக்குக் கதை நீளணும்ங்கிறது அவளோட காரணம் ஆகாது."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை. வருத்தப்பட்டுவிட்டாளோ என்று எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஆனாலும் இதை மென்று முழுங்கியிருந்தால் அந்த நாற்காலிக் காட்சிக்குச் செய்யும் துரோகம்.

மார்ச் 6, வெள்ளி

மாறுதலுக்கு ஒரு சமகாலக் காதல் நாவலைக் கையில் எடுத்து, ஒரே மூச்சில் முடித்தேன். பேர் வேண்டாம். நாயகி கட்டடப் பொறியாளர். நாயகன் மூன்று தலைமுறையாக நடக்கும் பழைய நாடக அரங்கத்தை நடத்துபவன். கூரை தாங்குமா என்று பார்த்து அறிக்கை தரவேண்டியது அவள் வேலை. தாங்காது. நேர்மையாகக் கையெழுத்துப் போட்டால் அரங்கம் மூடப்படும்.

எவ்வளவு நல்ல முடிச்சு! சமகாலக் கதைக்கு உள்ள பெரிய கஷ்டமே, யாரும் யாரையும் தடுப்பதில்லை என்பதுதான். வயது வந்த இரண்டு பேர், கையில் செல்போன், சந்தேகம் வந்தால் ஒரு மெசேஜ் போதும். அதனால் தடை ஆட்களுக்குள்ளேயே இருக்கவேண்டும். இங்கே அவள் செய்வதும் சரி, அவன் தவிப்பதும் சரி. நூறு முறை பேசினாலும் கூரை கெட்டியாகிவிடாது. அவர்கள் பேசப் பேசத்தான் சிக்கல் ஆழமாகிறது.

முக்கால்வாசி வரை மூச்சுவிடாமல் படித்தேன். அப்புறம் வழக்கமான அந்தப் பிரிவு வந்தது. கடைசிக் கால்பங்கில் ஜோடியைப் பிரித்தே ஆகவேண்டும் என்று இந்த வகையில் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. அதற்காக நாயகனின் பழைய காதலி ஊர் திரும்புகிறாள், ஒரு போட்டோ, ஒரு தப்பர்த்தம். கூரை இருக்கும்போது இவள் எதற்கு? பிரிவதற்கான காரணம் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருக்கிறதே! முடிவில் பணக்கார மாமா ஒருவர் பழுதுபார்க்கப் பணம் தருகிறார். அரங்கம் பிழைத்தது, கல்யாணம் நடந்தது, எனக்கு மட்டும் ஏமாற்றம். அவர்கள் இருவரும் எடுத்திருக்கவேண்டிய முடிவை மாமாவின் பணம் எடுத்துவிட்டது. அரங்கம் மூடினாலும் அவளோடு இருப்பேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். திறந்தவெளியில் நாடகம் போடலாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். எதையாவது விட்டுக்கொடுத்து அடைந்த சுபம்தான் மனதில் தங்குகிறது.

மார்ச் 8, ஞாயிறு

தோழியின் பிரதிக்குத் திரும்பினேன். 140-ஆம் பக்கத்தில் நாயகன் நாயகிக்குக் கடிதம் எழுதி, கவரில் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புகிறான். 1816-ல் ஸ்டாம்ப் கிடையாது. உலகின் முதல் தபால்தலை பிரிட்டனில் வந்ததே 1840 மே மாதத்தில்தான். பெரும்பாலான வாசகர்கள் இதைக் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள், நானும் ஓரத்தில் ஒரு பென்சில் குறி போட்டுவிட்டுப் போயிருப்பேன். ஆனால் யோசிக்க யோசிக்க, அவள் தேடும் காரணம் இந்தப் பிழைக்குள்ளேயே ஒளிந்திருப்பது தெரிந்தது.

1840-க்கு முன்பு பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவர்தான் கட்டணம் கொடுப்பார். தூரத்தைப் பொறுத்தும் தாள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தும் கூலி. இரண்டு தாள் என்றால் இரண்டு மடங்கு. கவரும் ஒரு தாளாகக் கணக்கில் சேரும் என்பதால் கவரே போடமாட்டார்கள். எழுதிய தாளையே மடித்து, அரக்கு வைத்து ஒட்டி, மேலே முகவரி எழுதுவார்கள். இடம் போதவில்லை என்றால் தாளைக் கால்வட்டம் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக எழுதுவார்கள். பார்க்கச் சல்லடை மாதிரி இருக்கும், ஆனால் பழகிய கண்ணுக்குப் படிக்க வரும்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நிச்சயமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்வது அன்றைய மேல்தட்டுக் குடும்பங்களில் முறைகேடு. ஆக, அவன் அவளுக்கு எழுதினால் வாசலில் காசு கொடுத்து வாங்கப்போவது சித்தப்பா. கையெழுத்தைப் பார்ப்பார், கேள்வி கேட்பார், கதை முடிந்தது. அவள் ஏன் கேட்கவில்லை, அவன் ஏன் சொல்லவில்லை என்ற இரண்டுக்கும் இங்கே உண்மையான பதில் இருக்கிறது. அவனை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டால் போதும். அந்த 120 பக்க மௌனம் ஜன்னலோரக் கண்ணீரிலிருந்து நிஜமான தவிப்பாக மாறிவிடும்.

இதையெல்லாம் ஒரு நீண்ட மெயிலாக எழுதி அனுப்பினேன். சரித்திரக் கதையில் தகவல் பிழை பார்ப்பதை மேதாவித்தனம் என்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. அந்தக் காலத்தின் சட்டதிட்டங்கள்தான் அந்தக் காதலுக்குச் சுவர். சுவரைத் தப்பாகக் கட்டினால் எகிறிக் குதிப்பதற்கு அர்த்தமில்லை.

மார்ச் 9, திங்கள்

சின்னது ஒன்று. லண்டனிலிருந்து கிரெட்னா கிரீனுக்கு ஒரே ராத்திரியில் ஓடிப்போவதாக எழுதியிருக்கிறாள். 1753-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 21 வயதுக்குக் கீழே பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதத்தைக் கேட்டது. அது ஸ்காட்லாந்தைக் கட்டுப்படுத்தாததால் எல்லையோரக் கிராமமான கிரெட்னாவுக்கு ஜோடிகள் ஓடினார்கள். சரிதான். ஆனால் லண்டனிலிருந்து அது 500 கிலோமீட்டருக்கு மேல். குதிரை வண்டியில் ஒரு ராத்திரி எப்படிப் போதும்? அதைவிட முக்கியம், நாயகிக்கு 21 ஆக ஏழு மாதம்தான் பாக்கி. ஓடவேண்டாம், காத்திருக்கட்டும் என்று குறித்தேன். காத்திருப்பதை எழுதத் தெரிந்தவர்களுக்கு ஸ்வீட் ரொமான்ஸ் நன்றாகக் கைவரும்.

மார்ச் 11, புதன்

நாயகி 180-ஆம் பக்கத்தில் பெண் சுதந்திரம் பற்றி ஒன்றரைப் பக்கம் பேசுகிறாள். பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேசுவது இன்றைய பெண். அன்றைய கவுனை மாட்டிவிட்டால் மட்டும் ஒருத்தி 1816-க்குப் போய்விடமாட்டாள்.

அவள் அடங்கிப்போகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அன்றைய இங்கிலாந்துச் சட்டப்படி கல்யாணமானதும் பெண்ணின் பணமும் நகையும் கணவனுடையதாகிவிடும். முன்கூட்டியே தனி ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வசதி இருந்த குடும்பத்துப் பெண்கள் ஓரளவு தப்பினார்கள். மனைவி சொந்தப் பேரில் முழுமையாகச் சொத்து வைத்துக்கொள்ளச் சட்டம் வந்தது 1882-ல். 1857 வரை, மறுமணம் செய்துகொள்ளும்படியான விவாகரத்து வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே போடவேண்டும். அப்படிப்பட்ட உலகில் ஒருத்தி "சரி" என்று சொல்வது எவ்வளவு பெரிய நம்பிக்கை! தன்னிடம் இருக்கும் அத்தனையையும் ஒருவன் கையில் வைக்கிறாள். அவன் நல்லவனா என்பது அவளுக்கு வாழ்வா சாவா என்கிற கேள்வி. இந்தப் பயத்தை அவளுக்குள் வைத்தால் ஒன்றரைப் பக்கப் பேச்சு தேவைப்படாது. அவன் கேட்டதும் அவள் உடனே பதில் சொல்லாமல் நிற்கும் அந்த இடைவெளியே பேசிவிடும்.

நாயகனிடமும் ஒரு குறை. ரொம்ப நல்லவன். கோபம் வராது, தப்பு செய்யமாட்டான், எதற்கும் ஆசைப்படமாட்டான். ஸ்வீட் என்றால் ஆசையே இல்லாதவர்கள் என்று யார் சொன்னது? ஆசை இருந்து, அதை அடக்கிக்கொண்டு நிற்பவனைப் பார்த்துத்தான் வாசகிக்குத் தொண்டை அடைக்கும். அந்தக் காலத்து நடன விருந்துகளில் இருவர் கையிலும் கையுறை இருக்கும். ஒரே ஆளோடு இரண்டு ஆட்டத்துக்கு மேல் ஆடினால் ஊர் பேசும். நீளவரிசை நடனத்தில் ஜோடிகள் தங்கள் முறைக்காகக் காத்து நிற்கும்போது, பெரியவர்கள் காதில் விழாமல் நாலு வார்த்தை பேசலாம். அந்த நாலு வார்த்தைக்காக அவன் ராத்திரி முழுக்க ஒத்திகை பார்க்கட்டும், நடனத்தன்று சொதப்பட்டும்.

மார்ச் 17, செவ்வாய்

ஆறு நாள் சத்தமே இல்லை. இன்று காலையில் மெயில். நடுப்பகுதி முழுக்கப் புதிதாக எழுதியிருக்கிறாள்!

தங்கை யார் என்பதை ஒளிக்கவே இல்லை. மூன்றாம் அத்தியாயத்திலேயே நாயகிக்கு அவளை அறிமுகம் செய்துவிடுகிறாள். தோழிகளாகிவிடுகிறார்கள். லெப்டினன்ட் துறைமுக ஊருக்கு வேலை தேடிப் போகிறான், தங்கையும் கூடவே. பெண்ணுக்குப் பெண் கடிதம் எழுதினால் யார் என்ன சொல்ல முடியும்? தங்கையிடமிருந்து கடிதம் வருகிறது. ஒற்றைத் தாள். சித்தப்பா வாசலில் காசு கொடுக்கிறார். "காசு கொடுத்தது நான். வாசி, எல்லாரும் கேட்போம்" என்கிறார்.

அவள் வாசிக்கிறாள். வானிலை, சளி, பக்கத்து வீட்டுக் கல்யாணம், தொப்பிக்கு வாங்கிய ரிப்பன். கடைசி வரிவரை வந்து, தாளைக் கால்வட்டம் திருப்புகிறாள். குறுக்கே ஓடும் எழுத்து வேறு கையெழுத்து. வாசிப்பு நின்றுபோகிறது.

"என்ன, முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சித்தப்பா. மிச்சம் ரிப்பன் விலைதான்."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. முதல் பிரதியில் யாரை வைத்து அசட்டுத்தனமாகக் கதையை இழுத்தாளோ, அதே தங்கையின் கையில் இப்போது முழுக் காதலும் இருக்கிறது. ராத்திரி நாயகி மெழுகுவத்தி வெளிச்சத்தில் குறுக்கு வரிகளைப் படிக்கிறாள். மொத்தம் ஐந்து வரி. பிரித்தபோது அரக்கோடு சேர்ந்து தாள் கொஞ்சம் கிழிந்ததில் ஒரு சொல் போயிருக்கிறது. அரக்குத் துண்டை விளக்கருகே வைத்து, நகத்தால் சுரண்டிப் பார்க்கிறாள். வரவில்லை.

அதற்கு அப்புறம் நெஞ்சு படபடத்தது, கன்னம் சிவந்தது என்று நாலு வரி வருகிறது. அதை மட்டும் அடித்தேன். நகம் செய்த வேலைக்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

சாயங்காலம் போன்.

"அக்கா, அந்தக் கிழிஞ்ச சொல் என்னன்னு கடைசி அத்தியாயத்துல சொல்லிடட்டுமா?"

"சொல்லு. ஆனா கடிதத்துல வேண்டாம். அவ கேட்கணும், அவன் நேர்ல வாயால சொல்லணும்."

"சரிக்கா." பேனா கீறும் சத்தம் கேட்டது. "அவ எந்தப் பக்கம் நின்னு கேட்கறா?"

"வலது பக்கம்."