போன ஐடி திரும்பி வந்த வழி

ஃப்ரீ ஃபயர் என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் என் தம்பி வைத்திருந்த ஐடியை, அதாவது கணக்கை, ஒருவன் பறித்துக்கொண்டு போனான். நாங்கள் அதைத் திரும்ப வாங்கினோம். அதற்கப்புறம் காலடிப்பேட்டையில் எங்கள் தெருவிலேயே இன்னும் சில பையன்களுக்கு அதே மாதிரி நடந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து முதலிலிருந்து சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. பிள்ளைகள் போனில் விளையாடுகிற எந்த வீட்டுக்கும் இது பயன்படும்.

"கேம்தானே, போனா போவட்டும்" என்றுதான் அப்பா முதலில் சொன்னார். அப்படி விட முடியாது. தம்பி பதினொன்றாவது படிக்கிறான். 2022 பிப்ரவரியில் பழைய ஃப்ரீ ஃபயரை மத்திய அரசு தடை செய்தபோது, அதே ஐடியோடு அதன் இன்னொரு பதிப்பான ஃப்ரீ ஃபயர் மேக்ஸுக்கு வந்தவன். பொங்கலுக்குப் பெரியவர்கள் கொடுத்த காசெல்லாம் அதில் டைமண்டாக (கேமுக்குள் செலவழிக்கும் காசு) போயிருக்கிறது. அது ஒரு பக்கம். அந்த ஐடி பேஸ்புக் கணக்கோடு இணைந்தது, பேஸ்புக் கணக்கு ஜிமெயிலை வைத்துத் திறந்தது. அந்த ஜிமெயிலில்தான் அவனுடைய ஆதார் நகல், மார்க் ஷீட், வீட்டு போட்டோ எல்லாம் கிடக்கிறது. கேம் ஐடி போனது என்றால் அதற்குப் பின்னால் இருக்கிற கதவுகளும் திறந்து கிடக்கின்றன என்று வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

எப்படி மாட்டினான் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவன் முட்டாள் பையன் இல்லை. தெரியாத நம்பரிலிருந்து வரும் லிங்க்கைத் தொடக்கூடாது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். இந்த லிங்க் வந்தது கில்டின், அதாவது அவன் கேம் கூட்டணியின், வாட்ஸ்அப் குழுவில், அவன் தினமும் சேர்ந்து ஆடும் ஒரு அண்ணன் பெயரில். அந்த அண்ணனின் கணக்கு ஏற்கெனவே திருடன் கையில் இருந்தது யாருக்கும் தெரியாது. லிங்க்கைத் திறந்தால் ஒரு சக்கரம். சுற்றினால் எல்லோருக்கும் பரிசு விழும். தம்பிக்கு ஒரு ஈவோ கன் ஸ்கின் (கேம் துப்பாக்கிக்கான அலங்காரத் தோற்றம்) விழுந்தது. மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், நேரம் முடிந்தால் பரிசு போய்விடும் என்று. "கலெக்ட்" தட்டினால் பேஸ்புக் லாகின் போலவே ஒரு நீலப் பக்கம் வரும்.

அவன் பாஸ்வேர்டு போட்டான். "தவறான பாஸ்வேர்டு" என்று வந்தது. சரி, மறந்துவிட்டோம் போல என்று தன்னுடைய இன்னொரு பாஸ்வேர்டைப் போட்டான். இந்தத் தடவை உள்ளே விட்டது. முதலில் போட்டது பேஸ்புக்கின் பாஸ்வேர்டு, இரண்டாவது ஜிமெயிலுடையது. இரண்டையும் ஒரே நிமிடத்தில் அவனே எழுதிக் கொடுத்துவிட்டான். பிறகு நான் அந்தப் பக்கத்தில் வாய்க்கு வந்த எழுத்துகளைத் தட்டிப் பார்த்தேன். முதல் தடவை எதைப் போட்டாலும் தவறு என்கிறது, இரண்டாவது தடவை எதைப் போட்டாலும் ஏற்றுக்கொள்கிறது. அப்படியேதான் கட்டி வைத்திருக்கிறார்கள். அடுத்ததாக லெவல் எவ்வளவு, போன் நம்பர் என்ன என்று கேட்டு, "உங்கள் போனில் ஒரு கேள்வி வரும், ஆம் என்று தட்டுங்கள்" என்று காட்டியிருக்கிறது. கூகுள் "உள்ளே நுழைவது நீங்கள்தானா?" என்று கேட்டதற்கு, டைமண்டுக்காகத்தான் கேட்கிறது என்று நினைத்து ஆம் தட்டியிருக்கிறான்.

இரவெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் நான் மணலியில் வேலை முடிந்து வந்தபோதுதான் பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா, ஐடி போச்சு. மெயிலு, நம்பரு எல்லாம் மாத்திட்டான்க்கா. அப்பாகிட்ட சொல்லாத." பெற்றவர்கள் இதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள்: போனைப் பிடுங்குவார்கள், அடி விழும் என்று பயந்து பிள்ளை வாயை மூடிக்கொண்டிருக்கும் நேரம் முழுவதும் திருடனுக்குக் கிடைக்கும் நேரம். நான் ஒரு வார்த்தை திட்டவில்லை. போனைக் கொடு என்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவன் கேமைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். அதை விடச் சொல்லிவிட்டு முதலில் ஜிமெயிலுக்குப் போனேன். எந்தக் கணக்கை மீட்பதற்கும் கடிதம் வந்து விழுவது அங்கேதான். நல்லவேளை, ஜிமெயிலின் பாஸ்வேர்டைத் திருடன் மாற்றவில்லை, சத்தமில்லாமல் உள்ளே உட்கார்ந்திருந்தான். கூகுள் கணக்கில் பாதுகாப்பு என்ற பகுதியில் எந்தெந்தப் போன், கம்ப்யூட்டரில் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். எங்கள் வீட்டில் இல்லாத ஒரு போன் அதில் இருந்தது. அதை வெளியேற்றிவிட்டு, பாஸ்வேர்டை மாற்றி, மீட்பு எண்ணாக அம்மாவின் நம்பர்தான் இருக்கிறதா என்று சரிபார்த்தேன். உங்களுக்கு பாஸ்வேர்டையும் மாற்றியிருந்தால், தாமதிக்காமல் கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்துக்குப் போங்கள். மீட்பு எண்ணைத் திருடன் மாற்றியிருந்தாலும் பழைய எண்ணை வைத்து உள்ளே வர 7 நாள் வரை கூகுள் இடம் கொடுக்கிறது. எப்போதும் பயன்படுத்தும் போனில், வீட்டு இணையத்திலிருந்தே முயலுங்கள்.

அப்புறம்தான் ஒன்று உறுத்தியது. பேஸ்புக்கில் மெயில் முகவரியை யாராவது மாற்றினால் பழைய முகவரிக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வரும். இன்பாக்ஸில் அது இல்லை, ஸ்பாமிலும் இல்லை. மாமா பையனின் லேப்டாப்பை வாங்கி வந்து ஜிமெயிலைத் திறந்தேன், ஏனென்றால் வரும் கடிதங்களைத் தானாகப் பிரித்து அனுப்பும் ஃபில்டர் அமைப்பு போன் ஆப்பில் தெரியாது. பார்த்தால், பேஸ்புக்கிலிருந்து வரும் கடிதம் எல்லாவற்றையும் நேராகக் குப்பைக்கு அனுப்பும்படி ஒரு ஃபில்டர் போட்டு வைத்திருக்கிறான். பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் இது போகாது, நாமே போய் அழிக்க வேண்டும். பக்கத்திலேயே கடிதங்களை வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்பும் அமைப்பும் இருக்கும், அதையும் பாருங்கள். குப்பையில் கடிதங்கள் 30 நாள் கிடக்கும் என்பதால் நாங்கள் தேடிய கடிதம் அங்கேயே இருந்தது.

அந்தக் கடிதத்தில் "இதைச் செய்தது நான் இல்லை" என்று சொல்ல ஒரு இணைப்பு உண்டு. இதே மாதிரி போலிக் கடிதங்களும் சுற்றுவதால் அனுப்பியவரின் முகவரியைப் பார்த்தேன். பேஸ்புக்மெயில் டாட் காம் என்று முடிந்தது, அது உண்மையானது. தம்பியின் போனிலிருந்தே அதைத் தட்டினோம். ஏற்கெனவே அவன் கணக்கு ஓடிய போன் என்பதால் அடையாளம் கண்டுகொண்டு உள்ளே விட்டது. கடிதம் கிடைக்காதவர்கள் பேஸ்புக் டாட் காம் ஸ்லாஷ் ஹேக்டு என்ற பக்கத்திலிருந்து தொடங்கலாம். அந்த வழியில் அடையாள அட்டை கேட்கக்கூடும். பையன்கள் பேஸ்புக்கில் கேம் பட்டப்பெயரையும் கண்டபடி ஒரு பிறந்த தேதியையும் போட்டு வைத்தால் அப்போது எந்த அட்டையும் பொருந்தாது. தம்பி கணக்கிலும் பெயர் அப்படித்தான் இருந்தது, அதனால் அந்தக் கடிதம் எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லி முடியாது. இப்போது சொந்தப் பெயரையும் சரியான தேதியையும் போட்டாகிவிட்டது.

உள்ளே போனதும் திருடனின் மெயிலையும் நம்பரையும் நீக்கி, மற்ற எல்லா இடங்களிலிருந்தும் வெளியேற்றினோம். ஜிமெயில், பேஸ்புக் இரண்டுக்கும் வெவ்வேறு பாஸ்வேர்டு, இரண்டுக்கும் பாஸ்வேர்டு போட்ட பிறகும் இன்னொரு முறை உறுதி கேட்கும் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு. அதைப் போடும்போது கூகுள் 10 காப்பு எண்கள் தரும், போன் தொலைந்தாலும் அவற்றை வைத்து உள்ளே வரலாம். அவற்றை போட்டோ எடுத்து போனிலேயே வைத்தால் என்ன பயன்? தாளில் எழுதி ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறேன்.

பேஸ்புக் வந்ததும் கேம் தானாகத் திறந்தது. பெயரை மாற்றியிருந்தான், கில்டை விட்டு வெளியேறியிருந்தான், இருந்த டைமண்டைக் கரைத்திருந்தான். டைமண்ட் திரும்பவில்லை. ஸ்கின்கள் அப்படியே இருந்தன. உள்ளே வர முடியாமல் போனால் கேம் நிறுவனமான கரேனாவின் உதவிப் பக்கத்தில் புகார் கொடுக்க வேண்டியிருக்கும் என்று நான் முன்கூட்டியே கேமில் அவனுடைய யுஐடி எண், பழைய ஸ்கிரீன்ஷாட், டைமண்ட் வாங்கிய டாப் அப் ரசீதுகள் எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். பிளே ஸ்டோரில் வாங்கியதற்கு ஜிபிஏ என்று தொடங்கும் ஆர்டர் எண்ணோடு மெயில் வந்திருக்கும். ஐடி நம்முடையது என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி இல்லை, அந்த மெயில்களை அழித்துவிடாதீர்கள்.

இதற்கு நடுவில் இன்னொரு ஆபத்து வந்தது. ஐடி போனதைத் தம்பி இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தான். அதன் கீழே "இவர்தான் எனக்கு மீட்டுக் கொடுத்தார்" என்று ஒரு டெலிகிராம் பெயரைக் காட்டிப் பலர் எழுதினார்கள். அந்த ஆள் 499 ரூபாய் கேட்டான், கூடவே ஜிமெயிலுக்கு வரும் ஓடிபியையும் கேட்டான். ஐடியை இழந்து அழுதுகொண்டிருக்கும் பிள்ளையைக் குறிவைத்து வருகிறவர்கள் இவர்கள், எனக்கு முதல் திருடனைவிட இவர்கள் மேல்தான் கோபம் அதிகம். நம் கணக்கை மீட்க பேஸ்புக்கோ கூகுளோ கேம் நிறுவனமோ பணம் கேட்பதில்லை. வெளியிலிருந்து எவனாலும் அதைச் செய்யவும் முடியாது.

இப்போது தெருப் பையன்களுக்கு நான் சொல்லிக் கொடுப்பது முகவரியைப் படிக்கும் முறை. தொடக்கத்தில் வரும் https:// என்பதை விட்டுவிட்டு, அதற்கடுத்த முதல் சாய்கோட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து இடப்பக்கமாக வர வேண்டும். ஃப்ரீ ஃபயரில் பரிசுக் கோடு போடும் உண்மையான ரிடீம் பக்கத்தில் அந்த இடம் "கரேனா டாட் காம்" என்று முடியும். போலிப் பக்கங்களிலும் கரேனா என்ற பெயர் இருக்கும், ஆனால் நடுவில் எங்காவது இருக்கும். கடைசியில் வேறு ஏதோ பெயர் இருக்கும். பூட்டுக் குறி இருக்கிறதே என்றால், அது போலிப் பக்கத்திலும் இருக்கும், வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்குத்தான் அந்தக் குறி. எனக்குப் பிடித்த சோதனை இன்னொன்று: பாஸ்வேர்டை குரோமிலேயே சேமித்து வைத்துவிட்டால் உண்மையான முகவரியில் அது தானாக எடுத்துக் கொடுக்கும். போலிப் பக்கத்தில் கொடுக்காது. நம் கண் ஏமாந்தாலும் அது ஏமாறாது. எப்போதும் கொடுப்பது இன்று கொடுக்கவில்லை என்றால் கையை எடுத்துவிட வேண்டும்.

பிஜிஎம்ஐ என்ற இன்னொரு துப்பாக்கி கேம் ஆடுகிறவர்களுக்கு இன்னும் சுலபம். அதன் ரிடீம் பக்கம் கேரக்டர் ஐடியையும் கோடையும் படத்தில் தெரியும் எழுத்துகளையும்தான் கேட்கும். யூசி (அந்த கேமின் காசு) தருகிறேன் என்று பாஸ்வேர்டு கேட்கும் பக்கம் எதுவானாலும் மூடிவிடலாம். ரோப்லாக்ஸ் கேமில் இலவச ரோபக்ஸ் (அதன் காசு) உருவாக்கித் தரும் பக்கம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

பணம் போனால் வழி வேறு. எதிர்வீட்டு அண்ணன் காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் பார்க்கிறார். அவர் மகன் பாதி விலைக்கு டாப் அப் என்ற பக்கத்தில் அவருடைய ஜிபேயிலிருந்து 399 ரூபாய் கட்டினான், அப்புறம் வரி என்று கேட்டதற்கு 1,200 கட்டினான். அண்ணன் ஓடிவந்ததும் நான் முதலில் சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930-ஐ அழைக்கச் சொன்னேன். தமிழிலேயே பேசினார்கள். எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, எந்த யுபிஐ முகவரிக்குப் போனது, 12 இலக்கப் பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்பார்கள், எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த முடியுமா என்பதுதான் இதில் முழு விஷயமும், அதனால் வங்கி திறக்கட்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அழைப்புக்குப் பிறகு குறுஞ்செய்தியில் ஒரு எண் வந்தது. அதை வைத்து சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழுப் புகாரையும் பதிய உட்கார்ந்தோம். நடந்ததை எழுதும் கட்டத்தில் குறைந்தது 200 எழுத்துகள் வேண்டும், சிறப்புக் குறிகளை ஏற்காது. முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் தடுமாறாது. போலிப் பக்கத்தின் படம் மட்டும் போதாது, அதன் முழு முகவரியும் படத்தில் தெரிய வேண்டும். தம்பியின் விஷயத்தையும் அதே தளத்தில் தனியாகப் பதிந்தோம், பணம் போகாவிட்டாலும் பதியலாம். பிறர் பாஸ்வேர்டைத் திருடிப் பயன்படுத்துவதும் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளில் வரும் குற்றங்கள், 3 ஆண்டு வரை சிறை உண்டு.

அண்ணனுடைய 1,200 ரூபாயை எதிர்க் கணக்கில் நிறுத்தி வைத்திருப்பதாகத் தகவல் வந்திருக்கிறது, கைக்கு இன்னும் வரவில்லை. 399 ரூபாய் ஏற்கெனவே வேறு கணக்குக்குப் போய்விட்டது. புகார் எண்ணோடு அடுத்த வாரம் வங்கிக்குப் போகிறார், பரிவர்த்தனை அறிக்கையை அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன்.