சிம்பல் நட்டை எவ்வளவு இறுக்கலாம்? மூன்று மாதம் செய்து பார்த்தது

போன மார்ச்சில் என் டிரம் செட்டில் ஓங்கி அடிக்கும் வெண்கலத் தட்டை, 16 இஞ்ச் கிராஷ் சிம்பலை, துடைக்கக் கழற்றினேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதுதான் தெரிந்தது, நடுத்துளை வட்டமாக இல்லை. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, பழைய பூட்டின் சாவித் துவாரம் போல நீண்டிருந்தது. சுண்டுவிரலை விட்டால் நெருடியது. ஏழு வருடமாகத் தூத்துக்குடியில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில், ஞாயிறு தவறாமல் என்னோடு இருந்த சிம்பல் அது. சம்பளத்தில் மாதாமாதம் எடுத்து வைத்து வாங்கியது. அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

சிம்பலை ஸ்டாண்டில் பிடித்து வைக்கும் விங் நட்டை (கையாலேயே முறுக்கும், இறக்கை வைத்த நட்டு) இறுக்க வேண்டுமா, தளர விட வேண்டுமா, அது வேண்டவே வேண்டாமா என்பது டிரம்மர்கள் கூடினால் வரும் பேச்சு. எனக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்த அண்ணன் நன்றாக முறுக்கிவிடுபவர். “பாட்டு நடுவுல சிம்பல் கழண்டு விழுந்தா யாருடே பதில் சொல்றது?” என்பார். மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் நண்பர் ஒருவர், விடாமல் தாளம் தட்டும் பெரிய சிம்பலான ரைடு சிம்பலுக்கு மேலே எதுவுமே போடமாட்டார். கம்பியில் செருகிவிட்டு அப்படியே வாசிப்பார். இரண்டு பேருமே நல்ல வாசிப்பாளர்கள். யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். இனி நானே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

தேய்ந்தது எப்படி

ஸ்டாண்டின் உச்சியில் மரை போட்ட கம்பி இருக்கும். அதில் கீழிருந்து மேலாக ஓர் உலோக வாஷர், கீழ் ஃபெல்ட் (அழுத்திய கம்பளி வட்டு), சிம்பல், மேல் ஃபெல்ட், கடைசியில் விங் நட். இத்தனைக்கும் நடுவே, கம்பியைப் போர்த்தி ஒரு பிளாஸ்டிக் ஸ்லீவ் இருக்க வேண்டும். என் ஸ்டாண்டில் அது இல்லை. எந்த வருடம் தொலைந்தது என்றுகூட நினைவில்லை. வெறும் பிளாஸ்டிக் குழாய்தானே என்று விட்டிருப்பேன்.

ஆனால் மரை என்பது கிட்டத்தட்ட ஓர் அரம். எஃகு அரத்தின் மேல் வெண்கலத்தை ஏழு வருடம் ஆட்டினால் வெண்கலம்தான் தேயும். நான் கிராஷை என் பக்கம் சாய்த்து வைப்பேன். சாய்ந்த சிம்பலின் எடை முழுவதும் துளையின் ஒரே ஓரத்தில் கம்பியைத் தொட்டுத் தொங்கும். சாதாரணமாக வாசிக்க வாசிக்கச் சிம்பல் மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும், அடியும் விளிம்பெல்லாம் பரவி விழும். துளையில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டால் கம்பி அதில் உட்கார்ந்துகொள்ளும், சுழற்சி நின்றுவிடும். பிறகு தேய்மானமும் அதே இடத்தில், குச்சியின் அடியும் விளிம்பில் அதே இடத்தில்.

நல்ல சிம்பல்களின் வெண்கலத்தில் நூற்றுக்கு 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம். பி20 என்று சொல்வது இதைத்தான். கோயில் மணி வார்க்கும் வெண்கலத்துக்கு நெருங்கிய சொந்தம். வெள்ளீயம் கூடக் கூட ஒலி கணீரென்று வரும், உலோகமும் விறைத்துப்போகும். வளைந்து கொடுக்காது, விரிசல்தான் விடும். துளையில் கூரான மூலை ஒன்று இருந்தால் விரிசல் அங்கிருந்து கிளம்ப வாய்ப்பு அதிகம்.

லென்ஸ் வைத்து இரண்டு பக்கமும் பார்த்தேன். விரிசல் இன்னும் விழவில்லை. வட்ட அரத்தால் அந்தப் பள்ளத்தின் மூலைகளை மட்டும் மழுங்கடித்து, 400 நம்பர் எமரி தாளால் தேய்த்து வழவழப்பாக்கினேன். அரை மணி நேரம் ஆனது. கிரைண்டரில் கொடுத்தால் ஒரு நிமிட வேலை, ஆனால் சூடு ஏறினால் உலோகத்தின் குணமே மாறிவிடும். அதனால் கையால்தான் செய்தேன்.

அப்புறம் ஸ்லீவ். பெரும்பாலான ஸ்டாண்டுகளில் கம்பி 8 மி.மீ., சிலவற்றில் 6 மி.மீ. சிம்பல் துளை 12 மி.மீ. அளவில் இருக்கும். ஆக உள்விட்டம் எட்டு, வெளிவிட்டம் பதினொன்றுக்குள் இருக்கும் குழாய் எதுவும் போதும். கொத்தனார்கள் தண்ணீர் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் ஞாபகம் வந்தது. விங் நட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

“அண்ணாச்சி, இந்த நட்டு அளவுக்கு லெவல் டியூப் ஒரு அடி குடுங்க.”

“ஒரு அடிய வச்சு எந்தச் செவுத்துக்குத் தம்பி மட்டம் பாக்கப் போறீய?”

விஷயத்தைச் சொன்னேன். “கோயில்ல அடிக்கிற தாளத்துக்கா? சும்மா கொண்டு போங்க” என்று வெட்டிக் கொடுத்துவிட்டார். சின்னத் துண்டாக வெட்டிக் கம்பியில் மாட்டினேன். சிம்பலை ஆட்டினால் முன்பு கேட்ட கரகரப்பு நின்றுபோயிருந்தது. அத்தனை நாளும் அந்தக் கரகரப்பைச் சிம்பலின் ஒலி என்றே நினைத்திருந்தேன்.

இறுக்கிப் பார்த்தது, தளர்த்திப் பார்த்தது

ஏப்ரல் முதல் வாரம். வீட்டு மாடி அறை, அதே கிராஷ், அதே குச்சி, போனில் பதிவு. ஒரே பலத்தில் அடிக்க முடிந்தவரை முயன்று, ஒவ்வொரு நிலையிலும் பத்து அடி.

8 மி.மீ. மரையில் நட்டு ஒரு சுற்றுக்கு 1.25 மி.மீ. நகரும். அதை வைத்தே கணக்குப் போட்டுக்கொண்டேன். நட்டு மேல் ஃபெல்ட்டைத் தொடும் இடம் பூஜ்யம். அங்கிருந்து இரண்டு சுற்று உள்ளே முறுக்கினால் அண்ணனின் பாணி. ஒரு சுற்று வெளியே எடுத்தால் தளர்ச்சி.

இரண்டு சுற்று இறுக்கத்தில் ஒலி நாலு விநாடிக்குள் அடங்கிவிட்டது. அடங்கியதைவிட என்னைத் தொந்தரவு செய்தது தொடக்கம். கிராஷ் என்றால் அடித்தவுடன் விரிந்து பூக்க வேண்டும். இது தட்டில் கரண்டி விழுந்தது போல ஒலித்தது. குச்சியில் ஓர் உதைப்பு மணிக்கட்டு வரைக்கும் வந்தது. அடியின் பலம் சிம்பலை ஆட்டிக் கழிய வேண்டும்; ஆட வழியில்லாவிட்டால் அது உலோகத்துக்குள்ளேயும் என் கைக்குள்ளேயும்தான் போகும். வாசித்து முடித்த பிறகு மணிக்கட்டு வலிப்பதற்கு என் பிடிதான் காரணம் என்று வருடக்கணக்கில் நினைத்திருக்கிறேன். பாதிக் காரணம் நட்டில் இருந்தது.

பூஜ்யத்தில் ஆறேழு விநாடி. ஒரு சுற்று தளர்த்தியதும் ஒன்பது விநாடி வரை கேட்டது. காது கொடுத்துக் கேட்ட கணக்குதான் இது, ஆனால் வித்தியாசம் அடுத்த அறையில் இருந்த அம்மாவுக்கே தெரிந்தது. “வேற சிம்பல் வாங்கிட்டியா?” என்று கேட்டார்.

சரி, தளர்த்துவதுதான் பதில் என்று அப்படியே கோயிலுக்குக் கொண்டுபோனேன்.

ஈஸ்டர் இரவு. பெரிய வியாழனிலிருந்து மௌனமாக இருந்த மணிகள் வானவர் கீதத்தின்போதுதான் மறுபடி ஒலிக்கும். விளக்குகள் எல்லாம் எரியும், பாடகர் குழு முழுக் குரலில் எழும். வருடத்தில் நான் மிகவும் காத்திருக்கும் நிமிடம் அது. பாட்டின் மூன்றாவது வரியில் கிராஷ் அடித்தேன். நட்டு கழன்று தரையில் விழுந்து ஆல்ட்டோ (கீழ்க்குரல்) பாடும் பெண்களின் காலடி வரை உருண்டது. அடுத்த அடியில் மேல் ஃபெல்ட்டும் துள்ளிப் போய்விட்டது. சிம்பல் விழவில்லை, எடையே அதைப் பிடித்து வைத்திருந்தது. ஆனால் மீதிப் பாட்டு முழுவதும் அதை நான் பயந்து பயந்து தொட்டேன். பூக்க வேண்டிய இடத்தில் பூக்கவில்லை. ரொம்ப வருத்தமாக இருந்தது. அண்ணன் ஏன் முறுக்கினார் என்று அன்று புரிந்தது. தளர்ந்த நட்டை ஒவ்வோர் அதிர்வும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றி வெளியே தள்ளிவிடும்.

நட்டு நிற்க வேண்டும், சிம்பல் ஆட வேண்டும்

அடுத்த மூன்று வாரம் இந்த ஒரே கேள்விதான். முதலில் நைலாக் நட். உள்ளே நைலான் வளையம் இருப்பதால் வைத்த இடத்தில் நிற்கும். பிரமாதமாக நின்றது. ஆனால் ஒவ்வொரு தடவையும் 13-ஆம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். ஸ்டாண்டைக் கழற்றாமல் ஒரே இடத்தில் விட்டு வைப்பவர்களுக்கு இது சரிப்படும். நான் வாரம்தோறும் கழற்றி மாட்டுபவன்.

அடுத்து இரண்டு விங் நட். முதல் நட்டைத் தளர்ச்சியாக வைத்து, இரண்டாவதை அதன் தலையில் இறுக்கிப் பூட்டுவது. இதுவும் நின்றது. ஆனால் இரண்டு நட்டுக்கு இடம் கொடுக்கும் நீளம் என் பூம் ஸ்டாண்டின் கம்பியில் இல்லை. அழுத்தினால் கழலும் குவிக் ரிலீஸ் வகையும் இருக்கிறது. நண்பரிடம் வாங்கி ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன். மாட்டவும் கழற்றவும் அருமை. எங்கள் ஊர் உப்புக் காற்றில் அதன் சின்ன ஸ்பிரிங் எத்தனை நாள் தாங்கும் என்ற கவலை எனக்கு. சாதா விங் நட்டே இங்கே ஒரே வருடத்தில் துரு ஏறிவிடும்.

வழி காட்டியது ஒரு கல்யாண வீடு. மே மாதம், நாதஸ்வரக் கச்சேரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தாளம் போட்டவர் இடைவெளியில் தாளத்தைக் கீழே வைத்தார். நடுத்துளை வழியாகக் கயிறு, உள்பக்கம் ஒரு முடிச்சு. அவ்வளவுதான். முடிச்சு கல்லு மாதிரி இறுகியிருந்தது, ஆனால் அது இறுகியிருந்தது கயிற்றில். வெண்கலத்தை அது நெரிக்கவில்லை. வெண்கலம் கயிற்றில் சும்மா தொங்கியது. மேற்கத்திய இசைக்குழுக்களில் கையில் பிடித்து அடிக்கும் பெரிய சிம்பல்களுக்கும் தோல் வாரில் இதே போன்ற முடிச்சுதான். 1920-களின் டிரம் செட்டுகளில்கூட வளைந்த கம்பியிலிருந்து சிம்பலை வாரில் தொங்கவிட்டார்கள். இறுகுவது ஒன்று, ஆடுவது வேறொன்று. நான்தான் இரண்டையும் ஒரே நட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் லெவல் டியூபை மறுபடி அளந்தேன். கீழ் ஃபெல்ட், சிம்பல், மேல் ஃபெல்ட் மூன்றையும் சேர்த்த உயரத்தைவிட 3 மி.மீ. அதிகமாக ஒரு துண்டு வெட்டினேன். அதன் அடி உலோக வாஷரில் உட்கார்ந்தது. மேலே விங் நட்டை முறுக்கினால் அது ஃபெல்ட்டைத் தொடுவதற்கு முன்பே டியூபின் வாயைத் தொட்டு நின்றது. டியூப் கொஞ்சம் மெத்தென்று இருப்பதால் அரைச் சுற்று அழுத்தினால் ஸ்பிரிங் போலத் திருப்பித் தள்ளி நட்டைப் பிடித்துக்கொள்கிறது. சிம்பலோ ஃபெல்ட்டுகளுக்கு நடுவே தன் பாட்டுக்கு ஆடுகிறது. அன்று சாயங்காலம் ஒரு மணி நேரம் விடாமல் வாசித்தேன். நட்டில் வைத்த பென்சில் குறி நகரவே இல்லை. அதற்குப் பின் ஐந்து ஞாயிறு போயாயிற்று, ஒரு திருமணத் திருப்பலியும் ஆயிற்று. குறி அதே இடத்தில் இருக்கிறது.

ஃபெல்ட் பற்றிக் கொஞ்சம்

பழைய ஃபெல்ட்டுகள் பாதி உயரத்துக்கு அமுங்கி, அட்டை போல ஆகியிருந்தன. கீழ் ஃபெல்ட் இப்படி ஆனால் சிம்பலின் பெல் (நடுவில் மேடாக இருக்கும் குமிழ்) உள்பக்கம் உலோக வாஷரில் உரசத் தொடங்கும். என்னுடையதில் ஒரு மங்கலான வளையக் கீறல் ஏற்கெனவே விழுந்திருந்தது. ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டிப் போடுவது நம்மூரில் பலர் செய்வது, நானும் முன்பு செய்திருக்கிறேன். இந்தத் தடவை காதால் ஒப்பிட்டேன். ரப்பர் சிம்பலைப் பற்றிக்கொள்கிறது, ஆட்டம் சட்டென்று நிற்கிறது. அவசரத்துக்குச் சரி, வெறும் உலோகத்தில் விடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். கம்பளி ஃபெல்ட் கிடைத்தால் அதுதான் நல்லது. ஹார்மோனியம் பழுது பார்ப்பவரிடம் கெட்டி ஃபெல்ட் துண்டுகள் வாங்கி 3.5 செ.மீ. வட்டமாக வெட்டினேன், மேலுக்கு மெல்லியது, கீழுக்குத் தடிமன்.

ரைடு சிம்பலில் நண்பரின் முறையையும் முயன்றேன். மேலே ஃபெல்ட் இல்லை, நட்டு இல்லை, ஸ்லீவ் மட்டும். 20 இஞ்ச் ரைடு தன் எடையிலேயே அசையாமல் உட்காருகிறது. மெதுவான பாடல்களில் அதன் ஒலி அவ்வளவு அகலமாக, இனிமையாக இருந்தது. வேகம் கூடியதும் சிம்பல் ஊஞ்சலாடி, குச்சி போய் இறங்கும் இடம் ஒவ்வொரு தடவையும் மாறியது. பெல்லில் அடிக்க நினைத்தால் பக்கத்தில் விழுகிறது. என் கைக்கு மேல் ஃபெல்ட் ஒன்று தேவை. கிட்டத்தட்ட மட்டமாக வைத்து மென்மையாக வாசிப்பவர்கள் தாராளமாக விடலாம். சாய்த்து வைத்து விளிம்பில் ஓங்கி அடிக்கும் கிராஷை மட்டும் நட்டில்லாமல் விடவே கூடாது. பாடகர் குழுவில் முன்வரிசையில் சின்னப் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

இப்போது மூன்று ஸ்டாண்டிலும் நீள ஸ்லீவ் இருக்கிறது. குச்சிப் பையில் நாலு டியூப் துண்டு, இரண்டு நட்டு, ஒரு ஜோடி ஃபெல்ட். பாக்கி இருப்பது ஹை-ஹேட் கிளட்ச். காலால் மிதித்து மூடும் ஜோடிச் சிம்பல்தான் ஹை-ஹேட், அதன் மேல் சிம்பலைக் கம்பியில் பிடித்து வைப்பது கிளட்ச். அங்கே கணக்கு வேறு. மேல் சிம்பல் இரண்டு ஃபெல்ட்டுக்கு நடுவே லேசாக அசைய வேண்டும், அடியில் இருக்கும் நட்டோ முழுதாகப் பூட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேல் சிம்பல் அப்படியே கீழ் சிம்பலில் விழுந்துவிடும். அந்த அடி நட்டின் மரை தேய்ந்திருக்கிறது. இந்தச் சனிக்கிழமை அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு மறுபடி அண்ணாச்சி கடைக்குப் போகிறேன்.